மூச்சில் போன சம்மதம்

அத்தியாயம் 9

இந்த நாளை நான் சரியாகத்தான் நினைவு வைத்திருக்கிறேனா என்று எனக்கே நிச்சயமில்லை. அம்மா அது புதன்கிழமை என்கிறாள். காரை ஓட்டியது அப்பா என்று மெல்கர் சத்தியம் செய்கிறான். என் நினைவில் அது வியாழன், ஓட்டியது நான். ஸ்டியரிங்கைப் பிடித்த விரல்கள் கையுறைக்குள் மரத்துப்போனதும், அதை யாரிடமும் சொல்லாமல் ஓட்டியதும் நினைவில் இருக்கின்றன. அந்த விரல்களை நம்பித்தான் எழுதுகிறேன்.

என் தம்பி மெல்கருக்கு அப்போது பத்தொன்பது வயது. பதினாறு வயதில் எங்கள் வடக்கத்தி ஊர் லில்த்ரெஸ்க்கை விட்டு, கடலோரத்து நோர்ஹாம்னுக்கு ஐஸ் ஹாக்கி ஆடப் போனவன். அந்த இலையுதிர்காலத்தில் கிளப்பின் முதல் அணியில் சம்பளத்துக்கு ஒப்பந்தம் கிடைத்தது. ஏழு ஆட்டம் ஆடியதும் கீழ்ப் பிரிவுக் கிளப் ஒன்றுக்கு இரவல் கொடுத்தார்கள். கிறிஸ்துமஸுக்குத் திரும்ப அழைத்தார்கள். "இன்னொரு தடவை இரவல் குடுத்தா ஸ்கேட்டைக் கழட்டி வச்சுட்டு அப்பாவோட மரலாரியை ஓட்டப் போயிடுவேன்" என்று அவன் சொல்லியிருந்தான். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

நான் சொல்லும் நாளுக்கு முந்தின மாலை, ஒரு நாள் விடுப்பில் வீட்டுக்கு வந்திருந்த மெல்கருக்குக் கிளப்பின் புதிய பயிற்சியாளர் போன் செய்தார். பெயர் பொஹுமில் க்ரெஸ்டா. செக் நாட்டுக்காரர், வந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. மெல்கர் போனை எடுத்துக்கொண்டு விறகுக் கொட்டகைக்குப் போனான். சமையலறை ஜன்னல் வழியே பார்த்தேன். போனைக் காதில் வைத்துக்கொண்டு தலையை ஆட்டிக்கொண்டிருந்தான். இரண்டு நிமிடத்தில் கன்னம் சிவக்கத் திரும்பி வந்தான்.

"பேசியாச்சு. இருக்கேன்."

அவ்வளவுதான் சொன்னான். அப்பா எங்கள் ஊர் வழக்கப்படி தன் காபிக்குள் இன்னும் இரண்டு துண்டு சீஸ் வெட்டிப் போட்டுக்கொண்டார். எங்கள் வீட்டில் அது கொண்டாட்டம்.

மறுநாள் காலை எட்டரை மணிக்கு கிளப்பிலிருந்து செய்தி வந்தது.

மெல்கர் அதை இரண்டு முறை படித்துவிட்டு, போனை மேசை நடுவில் வைத்தான். 'உன் தயக்கத்தைப் புரிந்துகொண்டோம். பருவம் முடியும்வரை ஹொல்ம்ஸ்டா கிளப்புக்கு இரவல். இரவல் பதிவுக்கு இன்று கடைசி நாள். மதியம் இரண்டு மணிக்குள் நேரில் வந்து கையெழுத்திடவும்.'

ஹொல்ம்ஸ்டா தெற்கே தொள்ளாயிரம் கிலோமீட்டர். கீழ்ப் பிரிவிலும் கடைசியிலிருந்து இரண்டாவது.

"தயக்கமா? யாருக்குத் தயக்கம்?" என்றேன்.

"தெரியல."

அப்பா தலை நிமிர்ந்தார். "நேத்து என்ன கேட்டான் அவன்?"

"முதல் அணியிலேயே இருக்கணுமான்னு கேட்டாரு. கம்மியாத்தான் ஆட விடுவேன், பரவாயில்லையான்னு கேட்டாரு. நிச்சயமான்னு கேட்டாரு."

"நீ?"

"ஆமான்னேன். மூணுக்குமே ஆமாதான்."

அப்பா கோப்பையைக் கவிழ்த்து வைத்தார். "பொய்யன்." பயிற்சியாளரைத்தான் சொன்னார்.

என் அப்பா ரோலண்ட் ஒரு நாளில் பேசுவதையெல்லாம் ஒரு தீப்பெட்டிக்குள் மடித்து வைத்துவிடலாம். அன்றைய பங்கில் பாதி அந்த ஒரு சொல்லிலேயே போய்விட்டது. எழுந்து மேலங்கியை எடுத்தார்.

"நீயும் வர்றியாப்பா?" என்றான் மெல்கர்.

"கேக்கணும் அவன."

"என்ன கேப்பே?"

அப்பா உதட்டுக்கடியில் புகையிலைப் பொட்டலம் ஒன்றை ஒதுக்கிக்கொண்டு வெளியே போய், இரவெல்லாம் காரின் எஞ்சினைச் சூடாக வைத்திருந்த ஹீட்டர் ஒயரைப் பிளக்கிலிருந்து பிடுங்கினார். நான் வேலை பார்க்கும் பல் மருத்துவமனையில் அன்று எனக்கு விடுப்பு. அப்பாவுக்கு இருந்த கோபத்தில் அவரை ஓட்ட விட எனக்கு மனமில்லை. சாவியை நான் வாங்கிக்கொண்டேன்.

நோர்ஹாம்னுக்கு இரண்டரை மணி நேரம். வெளியே மைனஸ் இருபத்தேழு. பின்சீட்டில் மெல்கரும் அவனுடைய உபகரணப் பையும். அந்தப் பையிலிருந்து வரும் வாடை எங்கள் குடும்பத்தில் ஐந்தாவது ஆள் மாதிரி.

முதல் ஐம்பது கிலோமீட்டருக்கு யாரும் பேசவில்லை. மௌனத்தில் பல வகை உண்டு. நான் அதிலேயே வளர்ந்தவள். மரத்தடிகளை லாரியில் ஏற்றிக் களைத்து வந்தவனின் மௌனம் ஒன்று. மீன் கடிக்கக் காத்திருப்பவனின் மௌனம் ஒன்று. அன்று காருக்குள் இருந்தது எந்த வகை என்று எனக்குப் பிடிபடவில்லை. கண்ணாடியில் பார்த்தேன். மெல்கர் தன் வலது கை விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி விரித்துக்கொண்டிருந்தான்.

அவன் போன் ஒலித்தது. லோகே ஒரு படம் அனுப்பியிருந்தான். லோகே அவன் அறைத்தோழன். ஒரே வயது, ஒரே வீடு, ஒரே ஃப்ரிட்ஜ், அணியில் ஒரே இடத்துக்குப் போட்டி. படத்தில் உடைமாற்றும் அறையின் சுவர் தெரிந்தது. பழைய வீரர்களுக்கெல்லாம் பித்தளையில் பெயர்ப்பலகை. புதியவர்களுக்கு வெள்ளை டேப்பில் பேனாவால் எழுதி ஒட்டியிருப்பார்கள். மெல்கரின் கொக்கிக்கு மேலே டேப் கிழிக்கப்பட்டிருந்தது. பசை மட்டும் மிச்சம்.

'என்னடா பண்ணித் தொலைச்சே?' என்று கீழே எழுதியிருந்தான் லோகே.

மெல்கர் போனை என்னிடம் நீட்டிவிட்டு மறுபடி வாங்கிக்கொண்டான்.

"அப்பா."

அப்பா திரும்பவில்லை.

"லாரிய வாங்குற ஆளு நாளைக்குத்தானே வர்றான்?"

"ம்."

"விக்காதேப்பா. நான் ஓட்டறேன்."

அப்பாவின் முதுகு இரண்டு வருடமாகவே சரியில்லை. அந்த லாரியை விற்றுவிட்டால் நிம்மதி என்று அவர் அம்மாவிடம் சொன்னதை நான் கேட்டிருக்கிறேன். தன் மகன் இனி மரத்தடி தூக்க வேண்டியதில்லை என்றும் சேர்த்துத்தான் சொன்னார். இப்போது ஜன்னல் பக்கம் திரும்பி, பனி மூடிய ஏரியையே பார்த்துக்கொண்டிருந்தார். 

அப்போதுதான் அம்மா கூப்பிட்டாள். காரின் ஸ்பீக்கரில் எடுத்தேன். பின்னால் பாத்திரச் சத்தம். அம்மா பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்க்கிறாள். வியாழக்கிழமை என்றால் பட்டாணி சூப்பும் பான்கேக்கும். முந்நூறு பிள்ளைகள். அதனால்தான் அது வியாழக்கிழமை என்று நான் அடித்துச் சொல்கிறேன்.

"டில்டா, எங்க இருக்கீங்க? நீ அனுப்பின செய்தியைப் பாத்தேன். எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. மெல்கர் இருக்கானா? மெல்கர், சாப்பிட்டியா?"

பின்சீட்டில் மெல்கர் தலையை ஆட்டினான்.

ஷுப்.

"ஹலோ? மெல்கர்?"

ஷுப்.

"ரோலண்ட், இவன் பேச மாட்டேங்கறான். அழறானா?"

"அழல. சாப்பிட்டேங்கறான்."

"எங்கே சொன்னான்? எனக்கு ஒண்ணுமே கேக்கல!" பாத்திரம் ஒன்று தரையில் விழுந்தது. "இதே கூத்துதான் உங்கப்பாவோட! கல்யாணத்துக்கு முன்னாடி தெற்கே எங்க ஊரு கோதன்பர்க்லேர்ந்து போன் பண்ணி, 'என்னை நெனைக்கிறியா'ன்னு கேப்பேன். அந்தப் பக்கம் ஒரு சத்தம் வராது. ரெண்டு மாசம் அழுதேன். மோதிரத்தைக்கூடக் கழட்டி வச்சேன். அப்புறம் நேர்ல வந்தப்பத்தானே தெரிஞ்சுது, இந்த ஊர்ல ஆமாங்கறதைக்கூட வெளிய விடாம உள்ளுக்கே இழுத்துக்கறாங்கன்னு! வாயத் திறந்து சொல்லுங்கடா! மூச்சை இழுத்தா போன்ல எப்படிக் கேக்கும்?"

நான் பிரேக்கை மிதித்தேன். கார் சற்று வழுக்கி, மரத்தடி அடுக்கும் ஓரத் திடலில் நின்றது.

"என்ன?" என்றார் அப்பா.

நான் பின்னால் திரும்பினேன். "மெல்கர். நேத்து அவர்கிட்ட எப்படி ஆமான்னு சொன்னே?"

"எப்படின்னா? ஆமான்னுதான்."

"நேத்து சொன்ன மாதிரியே இப்ப சொல்லு."

"விளையாடறியா?"

"சொல்லுடா. நான்தான் பொஹுமில். முதல் அணியிலேயே இருக்கணும்னு நினைக்கிறியா?"

மெல்கர் என்னைப் பார்த்தான். தலையை லேசாக ஆட்டினான். உதட்டைக் குவித்து, சூடான காபியை உறிஞ்சுவதுபோல மூச்சை உள்ளே இழுத்தான்.

ஷுப்.

 அவன் முகம் மெல்ல மாறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தச் சத்தத்தை அவன் தன் காதால் கேட்டது வாழ்க்கையிலேயே அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

"மூணு தடவையுமா?" என்றேன்.

ஷுப்.

"என்ன நடக்குது அங்க? ஹலோ? மறுபடி கட்டாயிடுச்சா?" என்று அம்மா கத்தினாள்.

அப்பா தொண்டையைக் கனைத்தார். "நானா இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பேன்."

பொஹுமிலுக்குப் போன் செய்தோம். எடுக்கவில்லை. பயிற்சி நேரத்தில் போனை அணைத்துவிடுவார். கிளப் அலுவலகம் ஓயாமல் பேச்சில் இருந்தது. கடைசி நாள் அல்லவா, எல்லாக் கிளப்பும் எல்லாக் கிளப்பையும் கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கும். மெல்கர் செய்தி எழுதினான், அழித்தான், மறுபடி எழுதினான். கடைசியில் 'நான் ஆமாம் என்றுதான் சொன்னேன்' என்று மட்டும் அனுப்பினான். படித்ததற்கான அடையாளம் வரவில்லை.

வழியில் கலைமான் கூட்டம் ஒன்று சாலையில் நின்று, பனி உருகத் தூவிய உப்பை நக்கிக்கொண்டிருந்தது. அப்பா இறங்கிப்போய் அவற்றோடு பேசினார். மனிதர்களிடம் பேசுவதைவிட நீளமாகவே பேசினார்.

அரங்கத்தின் பின்வாசலுக்கு நாங்கள் போய்ச் சேரும்போது பன்னிரண்டேகால். உள்ளே ரூனே ஸ்கேட் தீட்டிக்கொண்டிருந்தார். முப்பது வருடமாக உபகரணங்களைப் பார்த்துக்கொள்கிறவர். மெல்கரைக் கண்டதும் சக்கரத்தை நிறுத்தினார்.

"டேப்பை நான் கிழிக்கல" என்றார் முதல் வார்த்தையாக. "கிழிக்கச் சொன்னாங்க. கிழிச்சேன்."

"அப்ப நீதானே கிழிச்சே?" என்றார் அப்பா.

"ஆமா. ஆனா மனசில்லாம."

பயிற்சியாளரின் அறை உடைமாற்றும் அறையை ஒட்டி இருந்தது. நடுவில் ஒரு மெல்லிய பலகைச் சுவர். பொஹுமில் குள்ளமான மனிதர். கண்ணாடியை நெற்றிக்கு மேல் ஏற்றிவிட்டு, பாதாம் விழுதும் க்ரீமும் வைத்த பன்னைத் தின்றுகொண்டிருந்தார். மேசைமேல் ஒரே ஒரு காகிதம். எங்களைப் பார்த்ததும் எழுந்து மெல்கரின் தோளைத் தொட்டார்.

"வா. முகத்தை இப்படி வச்சுக்காதே. ஹொல்ம்ஸ்டா மோசமான இடமில்ல. இதுல வெக்கப்பட ஒண்ணுமில்ல." அவருடைய ஸ்வீடிஷ் புத்தகம் படிப்பதுபோல நிதானமாக இருந்தது. "உன் வயசுல நானும் அப்படித்தான். பயமா இருக்கு, வேண்டாம்னு சொல்ல வாய் வராது. மூணு தடவை கேட்டேன் உன்னை. மூணு தடவையும் பேச்சில்ல. சரி, பையன் வாயால வேண்டாம்னு சொல்ல வைக்கறது கொடுமைன்னு நானே முடிவெடுத்தேன்."

திட்ட வந்திருந்த அப்பா, கைகளை மேலங்கிப் பைக்குள் விட்டுக்கொண்டார். கருணையோடு தப்புப் பண்ணினவனை எப்படித் திட்டுவது என்று அவருக்குத் தெரியவில்லை.

"ஒருவேளை நான் தப்பாப் புரிஞ்சுக்கிட்டேனா?" என்று பொஹுமில் மெல்கரைப் பார்த்தார். "நீ இங்க இருக்கணும்னு ஆசைப்பட்டியா?"

ஷுப்.

"பாத்தீங்களா!" என்று எங்கள் பக்கம் திரும்பினார். "இதேதான். மூச்சு முட்டுது பையனுக்கு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்து இருமினேன். "பொஹுமில், அதுதான் ஆமா."

"எது?"

"அந்த மூச்சு. எங்க பக்கத்துல ஆமாங்கறதை அப்படித்தான் சொல்லுவோம். போன்ல கேக்காது."

அவர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். கேலி செய்கிறேனா என்று யோசிப்பது தெரிந்தது. பிறகு கதவைத் திறந்து சத்தம் போட்டார். "ரூனே! ஸ்கேட் எல்லாம் தீட்டியாச்சா?"

ஷுப், என்றார் ரூனே தன் சக்கரத்தின் பக்கத்திலிருந்தே.

"உனக்கு ஆஸ்துமா இருக்கா?"

"இல்லையே!"

"அப்ப இந்தச் சத்தம்... இதுக்கு ஆமான்னு அர்த்தமா?"

ஷுப்.

பொஹுமில் நாற்காலியில் உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றி, தேவையில்லாமல் துடைத்தார். "மூணு வாரமா இந்த மனுஷனைப் பாத்துப் பயந்துக்கிட்டிருக்கேன். எதைக் கேட்டாலும் மூச்சுத் திணறுது. வேலையைக் குறைக்கலாமான்னு நிர்வாகத்துக்குக் கடிதமே எழுதினேன்."

ரூனே வாசலில் வந்து நின்றார். "நானும் உங்களைப் பத்தி நெனச்சேன். எல்லாத்தையும் ரெண்டு தடவை கேக்கறாரு, பாவம் காது மந்தம்னு."

அப்பா சிரித்தார். குரல் வெளியே வராத சிரிப்பு, தோள் மட்டும் குலுங்கியது. அதைப் பார்த்து நாங்கள் எல்லோரும் சிரித்தோம்.

பொஹுமில் மட்டும் சீக்கிரமே சிரிப்பை நிறுத்தினார். மேசைமேல் இருந்த காகிதத்தை விரலால் நகர்த்தினார்.

"ஹொல்ம்ஸ்டாவுக்கு இன்னிக்கு ஒரு ஆளைத் தர்றேன்னு வாக்குக் குடுத்துட்டேன். அங்க ரெண்டு பேருக்கு அடி." கொஞ்சம் நிறுத்தினார். "நேத்து இதே கேள்வியை லோகேகிட்டயும் கேட்டேன். அவன் சத்தமா ஆமான்னான். அதனாலதான் அவன் இங்க இருக்கான். யாரை வச்சுக்கணும்ங்கற என் பட்டியல்ல முதல் பேரு உன்னுது."

பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ டேப்பைக் கிழிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது, மட்டைக்குச் சுற்றுவதற்கு. அது யாரென்று மெல்கருக்குத் தெரிந்தது. அவன் முகத்தைப் பார்த்ததும் எனக்கும் தெரிந்தது.

"நான் போகலன்னா..." என்றான் மெல்கர்.

"அவன் போகணும். அது என் முடிவு, உன்னுது இல்ல. ஆனா மறுபடி மூச்சைக் கேட்டு முடிவெடுக்க நான் தயாரில்ல. வாயால சொல்லு. இருக்கியா?"

மெல்கர் தரையைப் பார்த்தான். நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா வாயைத் திறக்கவில்லை, கண்ணால்கூட எதுவும் சொல்லவில்லை.  சுவருக்கு அந்தப் பக்கம் டேப் சத்தம் நின்றிருந்தது.

"ஆமா" என்றான் என் தம்பி. "இருக்கேன்."

சத்தமாகவே சொன்னான். எங்கள் வீட்டு ஆண்கள் யாரும் அந்தச் சொல்லை அவ்வளவு சத்தமாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

அரை மணி நேரம் கழித்து, நடைவழியில் லோகே பையை இழுத்துக்கொண்டு வந்தான். ரூனே அதற்குள் வெள்ளை டேப்பில் புதிதாக மெல்கரின் பெயரை எழுதி ஒட்டிவிட்டிருந்தார். மெல்கர் சுவரோரமாக நின்றான்.

"கேட்டுச்சு" என்றான் லோகே.

"லோகே, நான்..."

"பேசாதே. இன்னிக்கு ஏகப்பட்டது பேசிட்டே." பையைத் தோளுக்கு ஏற்றினான். "ஃப்ரிட்ஜ்ல என் இறைச்சி உருண்டை இருக்கு. தின்னுடு, கெட்டுப்போயிடும்."

"நான் காசு..."

"டேய், இறைச்சி உருண்டைக்கா?"

கதவு திறந்தது, குளிர் உள்ளே வந்தது, கதவு மூடியது.

அன்று மாலை ஏழு மணிக்கு ஆட்டம். அம்மா பள்ளிக்கூடத்திலிருந்து நேராகப் பேருந்து பிடித்து வந்து சேர்ந்தாள். தலைமுடியில் பட்டாணி சூப் வாசனை. மூன்றாவது, கடைசிக் கட்டத்தில்தான் மெல்கரை இறக்கினார்கள். மொத்தம் நான்கு நிமிடம் ஆடினான். ஒரு முறை பனித்தளத்தின் ஓரப் பலகையோடு மோதி விழுந்தான், எழுந்தான். பக் வட்டு ஒரே ஒரு தடவை அவன் மட்டையில் இரண்டு வினாடி நின்றது. அம்மா என் கையை நசுக்கினாள். அப்பா, இடைவேளையில் வாங்கித் தின்ற பன்னின் க்ரீம் மூக்கு நுனியில் இருக்க, ஆட்டம் முடியும்வரை பனித்தளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். காரில் ஏறியபின், "நல்லா இருந்துச்சு" என்றார். போகும் வழியெல்லாம் அம்மா பேசினாள், நாங்கள் கேட்டோம். வெகுகாலத்துக்குப் பிறகு அந்தக் காரில் எல்லோருக்கும் பசித்தது.

மெல்கர் அந்தப் பருவம் முடியும்வரை முதல் அணியில் இருந்தான். பதினான்கு ஆட்டம், ஒரு கோல். அடுத்த இரண்டு பருவங்களுக்கும் ஒப்பந்தம் கிடைத்தது. அப்பா மறுநாளே லாரியை விற்றார். இப்போது ஏரியில் துளை போட்டு மீன் பிடிக்கிறார், முதுகு பரவாயில்லை. அம்மா இன்னும் அதே சமையலறையில். பொஹுமில் நோர்ஹாம்னிலேயே தங்கிவிட்டார். கேள்வி கேட்டுவிட்டு எதிராளியின் உதட்டையே பார்த்துக்கொண்டிருப்பார். ரூனே வசந்தத்தில் ஓய்வு பெற்றார். நான் பல் மருத்துவமனைக்குத் திரும்பினேன்.

லோகே ஹொல்ம்ஸ்டாவில் ஆடினான். அந்தக் கிளப் இன்னும் கீழ்ப் பிரிவுக்கு இறங்காமல் தப்பியது. மெல்கர் அவனுக்கு மூன்று செய்திகள் அனுப்பினான், பதில் வரவில்லை. ஏப்ரல் ஒன்பதாம் தேதி லோகேயிடமிருந்து ஒரு வரி வந்தது. மெல்கர் அதை எங்கள் யாருக்கும் காட்டவில்லை. மறுநாள் காலை என்னிடம் கார்ச் சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டு தெற்கே ஹொல்ம்ஸ்டாவுக்குப் புறப்பட்டான்.